ஒரு புள்ளி வைத்த பல்செட்

பெரியவர் இறந்த மூன்றாம் நாள் பத்திரிகையில் அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு பத்தி முழுக்க என்னைப் பற்றியது. எழுதினவருக்கே அது தெரியாது. டீயை வைத்துக்கொண்டு படித்த எனக்கு மட்டும் தெரிந்தது. சிரிப்பு வந்தது, சாவுச் செய்தியைப் படித்துச் சிரிக்கிறோமே என்று வெட்கமும் வந்தது.

"கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவருடைய குழலில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. நாதத்தோடு மூச்சும் சேர்ந்து ஒலித்தது. மூங்கிலுக்குள் காற்று நடந்துபோவது நம் காதில் விழுந்தது. அனுபவம் கனிந்தவருக்கு மட்டுமே வாய்க்கும் ஒலி அது" என்று போட்டிருந்தது.

அனுபவமாவது, கனிவதாவது. அது நான் பிசகாகச் செய்த பல்செட்.

நான் பல் கட்டுகிறவன். டாக்டரம்மா முன்னறையில் பிடுங்குவார், நான் பின்னறையில் கட்டுவேன். நோயாளியின் வாயில் எடுத்த அச்சு என்னிடம் வரும். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றிக் காய்ந்ததும் பிரித்தால் அந்த ஆளின் ஈறு வெள்ளை வெளேரென்று என் உள்ளங்கையில் இருக்கும். அதன்மேல் மெழுகு வைத்துப் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவேன். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரோஸ் நிற மாவை அழுத்தி வேகவைத்து, ராவி, மினுக்கிக் கொடுப்பேன். முப்பத்தெட்டு வருடமாக இதே வேலை. எனக்கு முன்கோபம் என்று டாக்டரம்மா சொல்வார். பேசாத வாய்களோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பேச ஆள் கிடைத்தால் கொஞ்சம் சத்தம் கூடத்தான் செய்யும்.

ஆள் யாரானாலும் செட்டின் உள்பக்கம், கடைசிப் பல்லுக்குப் பின்னால், ஊசி முனையால் ஒரு புள்ளி வைப்பேன். அதே ஆளுக்கு இன்னொரு தடவை செய்தால் இரண்டு புள்ளி. பிளாஸ்டர் அச்சுகளையும் தூக்கிப் போடமாட்டேன். பின்னறை அலமாரியில் ஊரில் பாதிப் பேரின் ஈறு வரிசையாக உட்கார்ந்திருக்கிறது.

பெரியவர் என்றால் குழல் பெரியவர். அவர் மகனைச் சின்னவர் என்பார்கள். சின்னவருக்கு இப்போது நாற்பத்துநாலு வயது, காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் சின்னவர்தான். அப்பாவுக்குப் பக்கத்தில், அரை அடி பின்னால் உட்கார்ந்து, கூடவே ஊதிக்கொண்டு பத்தொன்பது வருடத்தை ஓட்டினவர்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பெரியவருக்கு மேல்வரிசைப் பல் அத்தனையும் ஆட்டம் கண்டுவிட்டது. டாக்டரம்மா எடுத்தார். நான் கட்டினேன். இங்கேதான் என் கைவரிசையைக் காட்டினேன். மேல்பல் போனவர்களுக்கு உதடு உள்ளே விழுந்துவிடும். மற்றவர்கள் பல்லை மட்டும் கட்டி அனுப்புவார்கள். நான் முன்பக்க ஈறில் ஒரு நகக்கனம் மாவு கூடுதலாக வைப்பேன். உதடு எழும்பி முகத்தில் பத்து வயது குறைந்துவிடும். கண்ணாடியைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். பெரியவருக்கும் வைத்தேன். அவர் கேட்காமலே வைத்தேன். குழல் ஊதுகிறவருக்கு மேலுதடு ஒரு நகக்கனம் முன்னால் தள்ளினால் காற்று எங்கே போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. பாதி துளைக்குள் போனது, பாதி வெளியே போனது.

ஒன்பது தடவை வந்தார். ஜன்னலோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்து ஊதிக் காட்டுவார். நான் ராவுவேன். மறுபடி ஊதுவார், மறுபடி ராவுவேன். எனக்கு சங்கீதம் தெரியாது. கச்சேரிக்குப் போனாலும் பக்கத்தில் இருப்பவரின் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த 'உஸ்' என்கிற சத்தத்தை மட்டும் நன்றாகவே கேட்கக் கற்றுக்கொண்டேன். அதற்குமேல் ராவினால் செட் விரிந்துவிடும் என்கிற நிலை வந்தது. இதற்கிடையில் ஒப்புக்கொண்ட கச்சேரிகளை அந்தச் செட்டோடுதான் ஊதினார். பத்திரிகையில் அந்தக் காற்றுச் சத்தத்தை ஆகா ஓகோ என்று எழுதினார்கள். அவர் பத்திரிகையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டு, "உன் பிசகை எப்படிப் புகழ்ந்திருக்கான் பாரு, படி" என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

கடைசியில் ரோஷம் வந்து, புதிதாக ஒரு செட்டே செய்தேன். இந்தத் தடவை வாயை மூடச் சொல்லி அளவெடுக்கவில்லை, குழலை உதட்டில் வைக்கச் சொல்லி எடுத்தேன். இரண்டு புள்ளி வைத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு ஊதினார். உஸ் இல்லை. முன்னறையில் நோயாளியை வாய் திறந்தபடி விட்டுவிட்டு டாக்டரம்மா கையுறையோடு ஓடிவந்து வாசலில் நின்றார். பெரியவர் குழலை மடியில் வைத்து, அதைப் பார்த்தே பேசினார்.

"இதுதாம்பா என் சத்தம். எங்க போயிருந்த இத்தனை நாளா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய செட்டைக் கொண்டுவாருங்கள், உடைத்துவிடுகிறேன் என்றேன். என் கையால் செய்த கோணலை நானே சுத்தியலால் உடைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். சரி என்று தலையாட்டினார். கொண்டுவரவே இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு புள்ளிச் செட்டை இறுக்கிக்கொள்ள வருவார், பழையது எங்கே என்று கேட்பேன், மறந்துவிட்டேன் என்பார். வயதானவர், மறந்திருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது பத்திரிகை என்ன சொல்கிறது? பன்னிரண்டு வருடமும் அந்த உஸ் இருந்ததாம். அப்படியானால் அந்த மனிதர் என் நல்ல செட்டை வைத்துக்கொண்டு என்னதான் செய்தார்? மண்டை குடைந்தது. துக்க வீட்டில் போய், அவர் எந்தப் பல்லை மாட்டிக்கொண்டிருந்தார் என்று கேட்கவா முடியும்?

நாலாவது வாரம் சின்னவரே வந்தார். நல்ல மழை. குடையை வாசலில் சாய்த்துவிட்டு முதலில் டாக்டரம்மாவிடம் போனார். உள்ளே பேச்சு உயர்ந்தது. டாக்டரம்மா இப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு என் அறைக்கு வந்து, அப்பா உட்கார்ந்த அதே முக்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்து என் முன்னால் வைத்தார்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளி. உள்பக்கம் முழுக்கத் தேன்மெழுகைத் தட்டையாக அழுத்தி ஒட்டியிருந்தது. குழலில் கீறல் விழுந்தால் அடைக்கிற மெழுகு அது. பன்னிரண்டு வருடத்தில் ஈறு கரைந்து செட் ஆடியிருக்கும், அதற்காக அவரே ஒட்டியிருக்கிறார். ஒரு ஓரத்தில் நகவெட்டியின் அரத்தால் ராவின தடம் இருந்தது. அந்த இடம் ஈறைக் கடித்திருக்க வேண்டும். என்னிடம் கொண்டுவந்தால் திட்டுவேன் என்று அவராகவே ராவியிருக்கிறார்.

அப்பாவின் கச்சேரிப் பையில், குழல்களுக்கு அடியில் இது இருந்தது என்று சின்னவர் சொன்னார். அப்பா பல்செட் போடுவது தெரியும், ஆனால் பல் இல்லாத வாயோடு பெற்ற பிள்ளைமுன் கூட வரமாட்டார், இரண்டு செட் இருப்பது இப்போதுதான் தெரிந்தது என்றார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, எனக்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுங்க."

"உங்களுக்கா? உங்க பல்லுக்கு என்ன?"

"முன்பல் நாலையும் எடுத்துடறேன். டாக்டரம்மா முடியாதுன்னுட்டாங்க. வேற ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு, திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. ஆறு வாரத்துல நினைவுக் கச்சேரி. அதுக்குள்ள ஆறிடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறக்கச் சொன்னேன். என் அலமாரியில் இல்லாத அருமையான வரிசை. முப்பத்தெட்டு வருடத்தில் நான் செய்த எந்தச் செட்டும் அதன் கால்தூசு பெறாது. புத்தி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன். கேட்டது கொஞ்சம் பலமாகவே கேட்டுவிட்டது.

அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார். அப்பா வீட்டில் விடியற்காலை கதவைச் சாத்திக்கொண்டு ஊதுவார். அதில் மூச்சுச் சத்தம் இருக்காது. சுத்தமாக, சின்னவர் ஊதுவது போலவே இருக்கும். மேடையில் ஏறினால் அந்த இன்னொரு சத்தம் வரும். எப்படி என்று எத்தனையோ தடவை கேட்டாராம். வயசானா தானா வரும் என்று சிரித்துவிட்டு அப்பா பேச்சை மாற்றிவிடுவாராம். உதட்டைக் கோணி, குழலைச் சாய்த்து, பன்னிரண்டு வருடமாக அதைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுப்போயிருக்கிறார்.

"எல்லாத்தையும் எனக்குக் கொடுத்தாரு. அதை மட்டும் ஒளிச்சு வெச்சுட்டாரு. பெத்த பிள்ளைகிட்ட ஒரு மனுஷன் எதுக்கு ஒளிக்கணும்? நான் ஊதினா வெறும் சத்தம். அவர் ஊதினது சங்கீதம். இப்ப வழி தெரிஞ்சுபோச்சு. பல்லு என்ன பெரிய பல்லு."

இதற்குமேல் மூடிவைத்தால் நான் மனுஷன் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நகக்கனம் மாவு, ஒன்பது தடவை ராவினது, இரண்டாவது செட், பெரியவர் குழலைப் பார்த்துப் பேசினது, எல்லாம். அது வித்தை இல்லை, என் தப்பு என்றேன். முப்பத்தெட்டு வருடத்தில் இன்னொருவர் முன்னால் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் முகம் மாறவே இல்லை. "சரி, தப்புன்னே வெச்சுக்குவோம். நல்ல செட் கைக்கு வந்தப்புறமும் இதைத்தானே மாட்டிக்கிட்டு மேடை ஏறினாரு? ஏன்? இதுல ஏதோ இருந்ததுனாலதானே?" என்றார்.

அதே கேள்விதான் ஒரு மாதமாக என்னையும் குடைந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. செட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், அளவு பார்க்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் மழை விட்ட நேரம் பார்த்துப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, குறுகலான படி. அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். தபால் ஆபீஸில் முப்பது வருடம் ஊர் வாரியாகக் கடிதம் பிரித்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் எந்தப் பொருளுக்கும் அலமாரியில் ஒரு அறை, அதன்மேல் ஒரு சீட்டு. ஊசிக்குச் சீட்டு, பழைய சாவிக்குச் சீட்டு. கூடத்து மேஜையில் பழைய துணி விரித்து, அதன்மேல் குழல்களை நீளவாரியாக அடுக்கி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை தடவாவிட்டால் மூங்கில் வெடித்துவிடும், அவர் போய்விட்டார் என்பது மூங்கிலுக்குத் தெரியுமா என்றார். டீயும் ரொட்டியும் கொடுத்தார்.

சின்னவர் மதியம் வகுப்பெடுக்கப் போயிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று டப்பாவை மேஜையில் வைத்தேன். அக்காவின் கை நின்றுவிட்டது. டப்பாவின் அடியைத் திருப்பிக் காட்டினார். அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'கச்சேரி' என்று எழுதியிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"இன்னொரு டப்பா இருக்கணுமே அக்கா" என்றேன்.

அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். 'வீடு' என்று எழுதியிருந்தது. திறந்து காட்டினார். காலி.

"அது அவர் வாயிலதான் இருந்தது. அதோடயே அனுப்பிட்டேன். வேற என்ன தம்பி கொடுத்தனுப்ப முடியும்?"

டீ ஆறிப்போய்விட்டது. ஏன் இரண்டு செட் என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றார். அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாராம். அப்புறம்தான் நான் சின்னவரின் திங்கட்கிழமைத் திட்டத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. எண்ணெய்க் கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பையனுக்குத் தெரிஞ்சா குழலைத் தொடவே மாட்டான்னு சொன்னாரு, தம்பி. அதனாலதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப சொல்லாம இருந்தா பல்லு போயிடும். சொன்னா குழல் போயிடும். நான் எதைப் பிடிக்கிறது?"

எனக்குத் தெரிந்தது பல்தான். பிடுங்கின பல் மறுபடி முளைக்காது என்று மட்டும் சொன்னேன். அடுத்த மழை பிடித்துக்கொண்டது. அக்கா எழுந்துபோய் ஒரு தடித்த ஃபைலை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். அவன் வரட்டும், நீயும் இரு தம்பி, தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்றார்.

சின்னவர் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். மேஜைமேல் இரண்டு டப்பாவையும் என்னையும் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. "அம்மாகிட்ட வந்து போட்டுக் கொடுத்துட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அக்கா அவரை உட்காரச் சொல்லி, தலையைத் துவட்டத் துண்டு கொடுத்துவிட்டு, ஃபைலைத் திறந்தார். பத்திரிகைத் துண்டுகளைத் தேதி வாரியாக ஒட்டி வைத்திருந்தார்.

முதல் பத்துப் பன்னிரண்டு துண்டுகளைப் படிக்கச் சொன்னார். பெரியவருக்குப் பல் இருந்த காலம் அது. ஏழு வருடக் கச்சேரிகள். எதிலுமே சின்னவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'உடன் அவருடைய மகன்' என்று ஓரிடத்தில் இருந்தது. அடுத்தது என் கோணல் செட் வந்த வருடம். உஸ் சத்தத்தைப் புகழ்ந்து எழுதியிருந்த அதே துண்டில், கீழே, 'பக்கத்தில் மகனின் குழல் பளிச்சென்று தனித்துக் கேட்டது, இத்தனை நாள் இவர் எங்கே இருந்தார்' என்று இருந்தது. அதற்கடுத்த துண்டிலும் சின்னவர் பேர் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

"இப்ப இதைப் படி" என்று ஒன்றைக் காட்டினார் அக்கா. இரண்டு புள்ளிச் செட் வந்தபிறகு நடந்த முதல் கச்சேரி. சின்னவர் குனிந்து படித்தார். 'இருவர் ஊதினார்கள் என்றே தெரியவில்லை. ஒரே குழல் ஒலித்தது போலிருந்தது. பெரியவர் பெரியவர்தான்.' அவ்வளவுதான். மகன் பேர் இல்லை.

"இது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் சின்னவர். "அன்னைக்கு நான் சாப்பிடல."

"அவரும்தான் சாப்பிடல. நீ பார்க்கல. முந்தின நாள் ராத்திரி எவ்வளவு சந்தோஷமா வந்தாரு தெரியுமா, என் சத்தம் வந்துடுச்சுன்னு. மறுநாள் இதை ரெண்டு தடவை படிச்சாரு. 'நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஊதினா அவன் எங்க இருக்கான்னு எனக்கே தெரியல. கேக்கறவனுக்கு எப்படித் தெரியும்?'னு கேட்டாரு. அடுத்த கச்சேரிக்குக் கிளம்பறப்போ, அந்தப் பழைய டப்பா எங்கன்னாரு. நான்தான் தேடிக் கொடுத்தேன். சீட்டு ஒட்டினதும் நான்தான்."

சின்னவர் கையிலிருந்த ஈரத் துண்டு தரையில் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

அக்கா நிறுத்தவில்லை. ஒவ்வொரு கச்சேரி முடிந்தும் வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பாராம். தண்ணீர் சிவப்பாக வருமாம். இரண்டு நாளைக்கு ரொட்டியை டீயில் ஊறவைத்துத்தான் சாப்பிடுவாராம்.

"நான் அதுக்குத் திட்டியிருக்கேன்" என்றார் சின்னவர். "சின்னப் பிள்ளை மாதிரி ஊறவெச்சுச் சாப்பிடறீங்களேன்னு."

"தெரியும். நீ போனப்புறம் சிரிப்பாரு."

சின்னவர் எழுந்து ஜன்னலோரம் போனார். திரும்பினபோது முகம் சிவந்திருந்தது.

"நான் கேட்டேனா? இதையெல்லாம் பண்ணச் சொல்லி நான் அவரைக் கேட்டேனாம்மா?"

"நீ கேக்கல. கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டாரு."

"அப்போ எனக்கு வந்த பேரெல்லாம் அவர் போட்ட பிச்சையா?"

அக்கா எழுந்தார். குள்ளமான மனுஷி, மகனின் நெஞ்சளவுதான் இருப்பார். எண்ணெய்க் கையாலேயே அவர் தாடையைப் பிடித்தார்.

"அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாரு, அவ்வளவுதான். ஊதினது யாரு? அவரா வந்து உன் வாயில ஊதினாரு?"

சின்னவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் குடையைக்கூட மறந்துவிட்டு மழையில் இறங்கி நடந்தேன். வாயைக் கொடுத்து அந்த வீட்டை இரண்டாக்கிவிட்டோமோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

அடுத்த இரண்டு நாளும் வேலை முடிந்ததும் அந்தத் தெரு வழியாகவே வந்தேன். வீட்டில் விளக்கு எரிந்தது. குழல் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா மாடியிலிருந்து என்னைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தார்.

திங்கட்கிழமை காலை எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு கிழவிக்கு வைக்க வேண்டிய கீழ்ப்பல்லைத் தலைகீழாக வைத்துவிட்டு எடுத்தேன். எந்த டாக்டரிடம், எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பத்து மணி ஆயிற்று. பத்தரையும் ஆயிற்று. கதவு திறந்தது. சின்னவர். தோளில் குழல் பை. என் கண் நேராக அவர் வாய்க்குத்தான் போனது. வாய் மூடியிருந்தது.

"திறங்க" என்றேன்.

திறந்தார். வரிசை அப்படியே இருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

அப்பாவோட அச்சு உங்ககிட்ட இருக்குமே என்று கேட்டார். ஏணி போட்டு ஏறி, இரண்டாவது தட்டில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன். வெள்ளைப் பிளாஸ்டரில் பெரியவரின் மேல் ஈறு. இடதுபக்கம் சின்னதாக ஒரு மேடு, பிறவியிலேயே இருந்தது. சின்னவர் அதைக் கையில் வைத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் வாய்க்குள் விரலை விட்டு இடதுபக்கம் தொட்டுப் பார்த்தார். எனக்கும் இருக்கு என்றார். அச்சை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு குழலை எடுத்தார்.

உதட்டைக் கோணவில்லை. குழலைச் சாய்க்கவில்லை. தனக்கு எப்படி வருமோ அப்படியே ஊதினார். என்ன ராகமோ, நான் கண்டேனா? உஸ் இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் காதைக் கூர்மையாக்கினேன். இல்லை.

முன்னறைக் கதவு தடாலென்று திறந்தது. டாக்டரம்மா கையுறையோடு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. சின்னவரின் முதுகு மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

"ஐயாவோட பழைய டேப்பா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு இங்க உட்கார்ந்து ஊதினாரே, அதானே இது?"

சின்னவர் ஊதுவதை நிறுத்தினார். திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அடக்க முடியவில்லை. அறுபது வயதில் நோயாளியின் முன்னால் அழுத ஒரே பல்லுக்காரன் நானாகத்தான் இருப்பேன். சின்னவர் அழவில்லை. குழலை மறுபடி உதட்டில் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முன்னறையில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, டாக்டரம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

போகும்போது ஒரு புள்ளிச் செட்டை அவரிடம் நீட்டினேன். உங்க தப்பு, உங்ககிட்டயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நினைவுக் கச்சேரிக்குப் போனேன். அக்காவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அக்கா முழு நேரமும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் யாருடைய பல்லையும் பார்க்கவில்லை. சின்னவர் முன்னால், நடுவில் உட்கார்ந்து, தனியாக ஊதினார்.

இரண்டு நாள் கழித்து அக்காவே என் பின்னறைக்கு வந்தார். அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கியது. கையில் பத்திரிகைத் துண்டு. படிக்கச் சொன்னார். எழுதியவர் அந்த வேலைக்கு வந்து ஏழெட்டு வருடம்தான் ஆகிறதாம். பெரியவரின் பழைய சத்தத்தை அவர் எங்கே கேட்டிருக்கப் போகிறார். கேட்டவர்களுக்கே மறந்துபோயிருக்கும்.

'தந்தையின் நிழலிலிருந்து மகன் முழுமையாக வெளியே வந்துவிட்டார். மூச்சின் சாயல் துளியும் இல்லாத தெளிந்த நாதம். தந்தையிடமிருந்து இரவல் வாங்காத, முற்றிலும் அவருக்கே சொந்தமான ஒலி.'

நான் படித்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. அவர் இருந்திருந்தால் இதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டிருப்பார்.

"பையன் படிச்சானா?" என்றேன்.

"சத்தமா ரெண்டு தடவை படிச்சான். அப்புறம் அப்பா போட்டோ முன்னாடி போய் நின்னு, 'ஏமாத்திட்டோம்ப்பா'ன்னான். அப்புறம் உட்கார்ந்து நல்லா சாப்பிட்டான், தம்பி."

ஃபைலில் ஒட்டவில்லையா என்று கேட்டேன். இன்னொரு பிரதி வாங்கி ஒட்டியாகிவிட்டது, இது உனக்கு என்றார். அக்கா போனபிறகு ஏணி போட்டு ஏறி, அந்தத் துண்டை நாலாக மடித்து, இரண்டாவது தட்டில் பெரியவரின் அச்சுக்கு அடியில் வைத்தேன். ஒரு புள்ளிச் செட் மேஜைமேல் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த சுத்தியலை எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, இருந்த இடத்திலேயே மாட்டினேன்.